மார்த்தாவும் மரியாவும் எங்கள் வீட்டில்

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பார்கள். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் பேசுவது காதில் விழவேண்டுமானால் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். நான் பேசுவதோ தெருமுனை வரை கேட்கும். அவள் ஒரு புத்தகத்தை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நான் பத்துப் பக்கம் படிப்பதற்குள் தண்ணீர் குடிக்க ஒரு முறை, வாசலை எட்டிப் பார்க்க ஒரு முறை எழுந்துவிடுவேன்.

என் தந்தை ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். “ஒரே செடிக்குக் கீழேதான் விரலியும் விளையுது, கிழங்கும் விளையுது. ஆனா மண்டியில ரெண்டையும் தனித்தனியாக் குவிச்சுத்தான் விலை கேப்பாங்க. எம் பொண்ணுகளும் அப்படித்தான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த வேறுபாடு சிரிப்பாக இருந்த வரையில் யாருக்கும் துன்பமில்லை. அது செபத்துக்குள் நுழைந்தபோதுதான் எனக்குப் பெரிய வேதனையாயிற்று. அந்த வேதனையையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் என் பள்ளித் தோழியருக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னைப்போல் தவிப்பவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் மாலை ஏழரை மணிக்குச் செபமாலை. அதற்கு என் அப்பத்தாதான் தலைமை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, பாயை விரித்து, எல்லாரையும் முழந்தாளிட வைத்துவிடுவார். அக்கா கண்களை மூடினால் 53 மணியும் உருண்டு முடியும்வரை சிலைபோல் இருப்பாள். நானோ இரண்டாம் தேவ இரகசியத்திலேயே கொசு அடிக்கத் தொடங்கிவிடுவேன். மூன்றாவதில், அடுப்பில் பால் வைத்தோமா என்ற சந்தேகம் வரும். நான்காவதில் தலை முன்னால் சாயும். உடனே அப்பத்தாவின் முழங்கை என் விலாவில் இடிக்கும்.

“சாமி முன்னால தூங்கறவளைப் பாரு! அக்காளைப் பாத்தாவது கத்துக்க, அம்மிணி.”

இதை அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் ஆயிரம் முறை கேட்டால் அன்பான சொல்லும் ஆணி போல் இறங்கிவிடுகிறது. ‘அக்காவுக்குப் பக்தி உண்டு, எனக்கு இல்லை’ என்று சிறு வயதிலேயே என் மனத்தில் பதிந்துவிட்டது.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது மாணவியருக்கு மூன்று நாள் தியானம் நடைபெற்றது. இரண்டாம் நாள் மாலை நற்கருணை ஆண்டவரின் முன்னிலையில் ஒரு மணி நேரம் மௌனமாக அமரச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் என் பக்கத்தில் இருந்த தோழியின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. முன் வரிசையில் இருந்தவள் கைகளை விரித்தவாறு தன்னை மறந்து இருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிற்றாலயத்தில் எத்தனை சன்னல்கள் என்று எண்ணினேன். மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விட யாரிடம் சொல்லவேண்டும் என்று யோசித்தேன். சாரணியர் முகாமுக்கு வாங்கவேண்டிய பொருள்களை மனத்துக்குள் பட்டியல் போட்டேன். மணி அடித்தபோது விடுதலை அடைந்தவள் போல் எழுந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டவர் எல்லாருடனும் பேசுகிறார், என்னோடு மட்டும் பேசவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன்.

அந்த ஆண்டு பொங்கல் முடிந்த மறுவாரம் அப்பத்தா பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் செயலற்றுப் போயின. பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா தையல் வேலைக்குப் போயே ஆகவேண்டும். எனவே காலையில் பள்ளிக்குக் கிளம்பும் வரையிலும், மாலையில் வந்த பிறகும் அப்பத்தாவைக் கவனிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரு செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கஞ்சியைக் கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த கரண்டி கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட வேண்டும். இவற்றில் எதுவும் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாத நான், அப்பத்தாவின் கட்டிலருகில் ஒரு மணி நேரம் போனதே தெரியாமல் இருந்தேன்.

அக்காவோ கல்லூரி விட்டதும் நேரே பங்குக் கோயிலுக்குப் போய்விடுவாள். நற்கருணைப் பேழையின் முன் நெடுநேரம் இருந்துவிட்டு வருவாள். வீட்டிலும் கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து செபமாலை சொல்லுவாளே தவிர, அப்பத்தாவைத் தொடமாட்டாள். நாளுக்கு நாள் என் மனத்தில் கசப்பு ஊறியது.

ஒரு நாள் மாலை படுக்கை நனைந்துவிட்டது. நான் ஒருத்தியாக அப்பத்தாவைப் புரட்டி, விரிப்பை உருவி, புதியது விரிக்கப் போராடிக்கொண்டிருந்தேன். அக்கா அங்கேயே கண்களை மூடியிருந்தாள். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது.

“நீ முழங்கால் தேய உக்காந்திரு. நான் பெட்பேன் கழுவறேன். சாமிக்கு உன்னையத்தானே புடிக்கும்! உன் செபம் இந்தப் படுக்கையை மாத்துமா? உனக்குச் சாமி ஒரு சாக்கு!”

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. செபமாலை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அப்பத்தாவால் பேச முடியாது. ஆனால் காது கேட்கும். அவருடைய இடது கண்ணிலிருந்து ஒரு துளி நீர் காதுப்பக்கம் இறங்கியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அப்பத்தா உயிரோடு இருந்தார். அந்த ஒன்பது நாளும் நானும் அக்காவும் வேண்டிய சொல்லுக்கு மேல் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் விடியற்காலையில், நோயிற்பூசுதல் பெற்று, எங்கள் இருவரையும் அப்படியே விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அடக்கத்தன்று அக்கா அழுது அழுது மயங்கி விழுந்தாள். நான் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டேன், நாற்காலி கேட்டு அனுப்பினேன், குழந்தைகளுக்கு அரிசிம்பருப்புச் சோறு கிளறினேன். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் இன்னொருவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: “சின்னவளுக்குக் கல்லு மனசுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே!”

முப்பதாம் நாள் திருப்பலியில் யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தை வாசித்தார்கள். இலாசரை உயிர்ப்பித்த நிகழ்ச்சி. சிறு வயது முதல் பல முறை கேட்டதுதான். ஆனால் அன்று அது என்னைப் பற்றியே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

மார்த்தா, மரியா என்றால் நமக்கெல்லாம் லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம்தான் நினைவுக்கு வரும். அங்கே மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். மார்த்தா சமையல் வேலையில் பரபரப்பாகி, முறையிட்டு, ஆண்டவரிடம் கடிந்துரை பெறுகிறாள். அந்தப் பகுதியை எப்போது கேட்டாலும், ‘நான் மார்த்தா, எனக்குக் கிடைப்பது கடிந்துரைதான்’ என்று தோன்றும்.

யோவான் காட்டும் காட்சி வேறு. வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. ஆண்டவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மார்த்தா எழுந்து சாலைக்கே ஓடுகிறாள். மரியா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். துக்கத்திலும் இருவரும் தத்தம் சுபாவப்படியே இருக்கிறார்கள், பாருங்கள்! பிறகு இருவரும் தனித்தனியே ஆண்டவரிடம் ஒரே முறையீட்டைச் சொல்லுகிறார்கள்: அவர் அங்கே இருந்திருந்தால் தங்கள் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்று. சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஆண்டவரின் பதில் ஒன்றல்ல. சாலையில் நின்று வாதிடும் மார்த்தாவோடு அவர் பேசுகிறார்; உயிர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்டு, அவள் வாயிலிருந்தே விசுவாச அறிக்கையை வரவழைக்கிறார். காலில் விழுந்து அழும் மரியாவுக்கு அவர் போதனை எதுவும் சொல்லவில்லை; அவரும் கண்ணீர் விடுகிறார்.

பேசுகிறவளுக்குப் பேச்சு, அழுகிறவளுக்குக் கண்ணீர்! இருவரில் யாரையும் மற்றவளைப்போல் ஆகச் சொல்லவில்லை அவர். கோயிலின் பின் வரிசையில், அப்பத்தா இறந்து முப்பது நாள் கழித்து, நான் முதன்முறையாக அழுதேன்.

மறுநாள் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் எங்கள் சகோதரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விவிலியத்தை என்னிடம் தந்து, அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தைப் பார்க்கச் சொன்னார். அந்தக் குடும்பத்தின்மேல் இயேசு அன்பு கொண்டிருந்தார் என்று யோவான் அங்கே எழுதுகிறார். “முதலில் யார் பெயர் வருகிறது?” என்று கேட்டார். மார்த்தாவின் பெயர்! “2021-ஆம் ஆண்டு முதல் ஜூலை 29-ஆம் தேதி திருச்சபை மார்த்தா, மரியா, இலாசர் மூவரின் நினைவையும் சேர்த்துக் கொண்டாடுகிறது. அதற்கு முன் அந்த நாள் மார்த்தாவுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாள்காட்டியிலும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். நீயும் உன் அக்காவும் எப்போது?” என்று கேட்டுவிட்டு, நூலகத்துக்குப் போய்ப் புனிதர்களின் வரலாறுகளைப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருந்தது. நம் தமிழ் மண்ணில் உழைத்த இயேசு சபைக் குருக்கள் நால்வரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நால்வரும் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளைச் செய்தவர்கள். ஒரே பள்ளியில் பயின்றவர்கள் என்று சொல்லலாம். ஆனால் எத்தனை வேறுபட்ட மனிதர்கள்!

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவரைக் கூட்டினார். தமிழில் பெயர்த்து எழுதிக்கொண்ட செபங்களை மனப்பாடம் செய்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகள் எல்லாருடைய வீட்டுக்கும் தாம் போக முடியாதபோது, செபம் தெரிந்த அந்தச் சிறுவரையே அனுப்பி வைத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியோ, தனியே ஒரு குடிசையில் அமர்ந்தார். காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். தேடி வந்தவர்களோடு நுட்பமாக உரையாடினார். சிந்தனையே அவருக்குத் தவமாக இருந்தது. தத்துவ போதகர் என்ற பெயர் அவருக்கு எவ்வளவு பொருத்தம்! அவர் 1623-இல் மதுரையை விட்டுப் புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார் என்பது நம் பகுதியில் உள்ளவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

புனித அருளானந்தர் லிஸ்பன் அரண்மனையில் இளவரசருக்குத் தோழராக வளர்ந்தவர். அந்த வாழ்வை விட்டு இங்கே வந்து, பண்டார சுவாமியாக வெயிலிலும் காட்டிலும் நடந்தார். பிடிபட்டு வதைபட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும், அங்கே தங்க மனமின்றித் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். அவருடைய செபம் உடம்பையே காணிக்கையாக்கும் செபம்.

வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். அவருக்கு இறைவனிடம் போகும் வழி தமிழாகவே அமைந்தது. புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அதே கையால் பரமார்த்த குருவின் கதையை எழுதி நம்மைச் சிரிக்கவும் வைத்தார். அழகும் நகைச்சுவையும் அவருடைய பக்திக்கு அயலானவை அல்ல.

மணி அடித்தவர் ஒருவர், மௌனமாகச் சிந்தித்தவர் ஒருவர், இரத்தம் சிந்தியவர் ஒருவர், பாட்டிசைத்தவர் ஒருவர். இவர்களுள் யாருடைய பக்தி உயர்ந்தது என்று நாம் தராசு பிடிக்க முடியுமா?

இந்த வேறுபாட்டை இஞ்ஞாசியாரே அறிந்திருந்தார். ஞானப் பயிற்சிகளை அவரவர் வயது, கல்வி, ஆற்றல் ஆகியவற்றுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கவேண்டும் என்று விதி வகுத்தார். முழந்தாளிட்டோ, அமர்ந்தோ, நின்றோ, மல்லாந்து படுத்தோகூடத் தியானிக்கலாம். தேடியது எந்த நிலையில் கிடைக்கிறதோ அதில் நிலைத்திருக்கலாம் என்றும் எழுதினார்.

பெண் புனிதர்களைப் படித்தபோது எனக்கு இன்னும் ஆறுதல் கிடைத்தது. செபத்தின் ஆசிரியை என்று போற்றப்படும் அவிலா தெரசம்மாள், தம் வாழ்வில் ஒரு காலத்தில், செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்ததாக ஒப்புக்கொள்கிறார்! அடுக்களைப் பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்குச் சொன்னவரும் அவரே. 1888-இல் தம் 15-ஆம் வயதில் லிசியே கார்மெல் மடத்தில் சேர்ந்த குழந்தை தெரசம்மாள், தியான வேளையில் தாம் தூங்கிவிடுவதை மறைக்கவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு அது பிரியமானதே என்று தேற்றிக்கொண்டார். இதை அப்பத்தா இருக்கும்போதே படித்திருந்தால், விலாவில் இடி விழும்போது சொல்லியிருப்பேனே!

1927-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், இந்தக் குழந்தை தெரசம்மாளைச் சவேரியாரோடு சேர்த்து மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவித்தார். ஒருவர் கடல்களைக் கடந்து நடந்துகொண்டே இருந்தவர். மற்றவர் மடத்தின் நான்கு சுவர்களுக்குள் வாழ்ந்து 24 வயதில் மறைந்தவர். ஒரே பணிக்கு இந்த இருவரையும் காவலாக வைத்த திருச்சபையின் மனம் எவ்வளவு விசாலமானது!

இனிய உணர்ச்சி வந்தால்தான் செபம் என்பதும் இல்லை. கொல்கத்தா அன்னை தெரசா மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 2007-இல், அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவர் உள்ளத்தில் இருளையே உணர்ந்திருக்கிறார் என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. அந்த இருளிலும் அவர் கைகள் நோயாளிகளைத் தூக்குவதை நிறுத்தவில்லை. அதிகாலைச் செபத்தையும் அவர் விடவில்லை.

உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலில் மனிதரை அகமுகத்தார், புறமுகத்தார் என்று பிரித்துக் காட்டினார். அந்த வழியில் வந்த ஆளுமை வகைகளை வைத்துக்கொண்டு, எந்தச் சுபாவத்தாருக்கு எந்தச் செபமுறை எளிது என்று 1984-இல் அமெரிக்காவில் சேஸ்டர் மைக்கேல், மரி நாரிசி என்ற இருவர் ஒரு நூல் எழுதினார்கள். “இந்த வகைப்பாடுகளை உளவியலாரில் பலர் முழுதும் ஏற்பதில்லை. சட்டை அளவு பார்க்க உதவும் நாடா போல வைத்துக்கொள்; அதையே சட்டையாக உடுத்திக்கொள்ளாதே” என்று எங்கள் சகோதரி எச்சரித்தார்.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு ஞாயிறு மாலை அக்கா மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, அன்னிக்கு நான் பேசுனது தப்புக்கா. மன்னிச்சுரு.”

அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீ சொன்னதுல பாதி நெசம்தான். எனக்கு அப்பத்தாவைத் தொடறதுக்குப் பயம். அந்தக் கை கொழகொழன்னு விழறதைப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். நீ பயமில்லாமத் தூக்கறதைப் பாத்து, ‘சாமி இவ கையிலதான் இருக்கறாரு, எங்கிட்ட இல்லை’ன்னு தெனமும் நெனைப்பேன். அதனாலதான் கோயில்லயே உக்காந்திருந்தேன். உனக்குக் கை வலிக்கக்கூடாதுன்னுதான் பாதி நாள் வேண்டிக்கிட்டேன்.”

நான் வாயடைத்துப் போனேன். பத்து ஆண்டுகளாக நான் அவளைப் பார்த்து ஏங்கினேன். அவள் என்னைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள்! இருவருமே தன்னிடம் இறைவன் இல்லை, மற்றவளிடம்தான் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, ஒரே கட்டிலின் இரு பக்கங்களில் இருந்திருக்கிறோம். அந்தக் கட்டிலில் கிடந்தவருக்கு மட்டும் நாங்கள் இருவரும் வேண்டியிருந்தோம். அவர் இருக்கும்போதே இதைப் பேசிக்கொள்ளாமல் போனோமே என்ற வருத்தம் இன்றும் என்னை விடவில்லை.

தோழியரே, இதைப் படித்துவிட்டு, ‘என் சுபாவம் இப்படி, எனக்குச் செபமாலை வேண்டாம்’ என்றோ, ‘என் சுபாவம் இப்படி, எனக்கு வேலை ஆகாது’ என்றோ யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். சுபாவம் நமக்குக் கிடைத்த வாசற்படிதான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்குள் எப்படிப் போவது? லூக்காவில் ஆண்டவர் மார்த்தாவிடம் கண்ட குறை அவள் உழைத்தது அன்று. கலங்கியதும், தங்கையைத் தன் அளவுகோலால் அளந்ததும்தான். யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசுகிறாள். மார்த்தாவோ அப்போதும் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள்! ஆனால் இம்முறை ஒரு முறையீடும் இல்லை. அவள் அடுப்படியை விடவில்லை, முணுமுணுப்பை விட்டுவிட்டாள். மரியாவும் இம்முறை கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. எழுந்து ஒரு காரியம் செய்கிறாள்.

திருப்பலியும் அப்படிப்பட்ட விருந்துதானே! பாடுகிறவர், மௌனமாக இருப்பவர், பீடத்துக்குப் பூ வைப்பவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாரும் ஒரே அப்பத்தைத்தான் உண்கிறோம்.

இப்போது நான் நாள்தோறும் பத்து நிமிடம் மட்டும் சும்மா உட்காரப் பழகுகிறேன். மின்விசிறி இன்னும் கிறீச்சிடுகிறது. மனம் ஓடினால், ஓடிய இடத்துக்கே ஆண்டவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அக்கா சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். முதல் நாள் ஒரு பாட்டியின் நகத்தை வெட்டிவிட்டு, நடுங்கிய கையோடு வந்து என்னிடம் காட்டினாள். நான் கேலி செய்யவில்லை.

ஏழரை மணிச் செபமாலையை இப்போது நாங்கள் இருவரும் முறை வைத்துச் சொல்லுகிறோம். நான்காம் தேவ இரகசியத்தில் எனக்கு இன்றும் தலை சாய்கிறது. இடிப்பதற்கு அந்த முழங்கை இல்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, எனக்கும் சேர்த்து அந்தப் பத்து மணிகளைச் சொல்லி முடிக்கிறாள். செபம் முடிந்ததும் நான் எழுந்து பாயைச் சுருட்டுகிறேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி